குறைந்துபோன நாலே முக்கால் கிலோமீட்டர்

நவம்பர் 2, ஞாயிறு

என் பெயர் அர்த்தநாரி. வயது அறுபத்தொன்பது. ஊர் கோபி. இந்த மூன்று வாக்கியங்களையும் யாரும் சொல்லித் தராமல் நானே எழுதினேன். எழுதி முடித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

முதியோர் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எண்கள் எனக்கு முன்பே தெரியும். முப்பத்தோரு வருஷம் சர்வே ஆபீசில் நிலம் அளக்கிற சங்கிலி பிடித்தவன் நான். ஒரு சங்கிலி நீளம் முடிந்ததும் மண்ணில் ஒரு இரும்புக் குச்சி குத்துவோம். எத்தனை குச்சி என்று நான் எண்ணிச் சொல்வேன், சர்வேயர் எழுதிக்கொள்வார். எண்ணிக்கை என்னுடையது, எழுத்து அவருடையது. இப்போது இரண்டும் என்னுடையது.

தினமும் எழுதுங்கள் என்றார் வகுப்பு டீச்சர். எதை எழுதுவது என்று கேட்டேன். வீட்டில் நடப்பதை எழுதுங்கள் என்றார். எங்கள் வீட்டில் யாரும் நடப்பதில்லை. ஓடுகிறோம்.

ஓடுவது என் மனைவி துளசிமணி. வயது அறுபத்தொன்று. சத்துணவு மையத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள். சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். நடந்தால் வீடு வந்து சேர நேரமாகிறது என்று ஓட ஆரம்பித்துவிட்டாள். டிசம்பர் 21 அன்று கோயம்புத்தூரில் மாரத்தான் ஓடப் போகிறாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், அதற்கு மேல் இன்னும் கொஞ்சம். ஆறு மணி நேரத்துக்குள் முடித்தால்தான் பதக்கம்.

நான் சைக்கிளில் கூடப் போகிறேன். தண்ணீர், உப்புக் கடலை, துண்டு எல்லாம் என் பொறுப்பு. தூரமும் என் பொறுப்பு. தார் ரோட்டில் கிலோமீட்டர் கல் இருக்கும், லாரியும் இருக்கும். வாய்க்கால் கரையில் இரண்டும் இல்லை. அதனால் முன் சக்கரக் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் தகடு கட்டியிருக்கிறேன். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு ‘டக்’. நானூற்று நாற்பத்தெட்டு டக் ஒரு கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு புளியங்கொட்டை வலது பையிலிருந்து இடது பைக்குப் போகும். போன் தூரம் காட்டுமாம். போனைக் கையில் பிடித்தால் துளசிமணிக்கு ஓட வராது. அதற்குத்தான் நான் இருக்கிறேனே.

இன்று இருபத்து நாலு கொட்டை. மூன்று மணி நேரம் ஆறு நிமிஷம்.

நவம்பர் 5, புதன்

துளசிமணி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இனி ஞாயிற்றுக்கிழமை தோறும் இந்த நோட்டை வாங்கிப் படித்துவிட்டு, சரி என்று கையெழுத்துப் போடப் போகிறாளாம். சர்வேயர்கூட இப்படிப் பார்த்ததில்லை.

இன்று ஸ்டெல்லா மேடம் போன் செய்தார். ஈரோட்டில் இருக்கிறார். ஓடுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். போட்டிக்கு முன்னால் அதிகபட்சம் எவ்வளவு தூரம் ஓடிப் பார்க்கலாம் என்று பேச்சு வந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“நாப்பத்திரண்டு ஓடறதுன்னா, ஒரு தடவை நாப்பத்திரண்டு ஓடிப் பாத்துப்போட்டுத்தானுங்க போகோணும்” என்றாள் துளசிமணி.

“வேண்டாங்கம்மா. அதை அன்னைக்கு ஓடிக்கலாம்.”

“நான் சமைச்சவ மேடம். உப்புப் பாக்காம ஒரு நாளும் அண்டாவ எறக்குனதில்ல.”

“உப்புப் பாக்க ஒரு கரண்டி போதும். அண்டாவையே குடிச்சுப் பாக்கக் கூடாது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வெங்காயம் இருந்ததால் கண்ணைத் துடைத்துச் சமாளித்தேன்.

மேடத்தின் கணக்கு கிலோமீட்டரில் இல்லை. நேரத்தில். மூன்றரை மணி நேரம் ஓடினால் போதும், அதற்குள் எவ்வளவு வருகிறதோ வரட்டும் என்கிறார். அதற்கு மேல் போனால் கால் தேறி வர மூன்று வாரம் பத்தாதாம்.

“உங்க குரூப்புப் பசங்க எல்லாம் முப்பத்திரண்டு ஓடறாங்களே?”

“அவங்க மூணு மணி நேரத்துல முப்பத்திரண்டு போயிருவாங்க. உங்களுக்கு மூன்றரை மணியில இருபத்தேழு வரும். ரெண்டும் ஒரே உழைப்புதான்.”

“இருபத்தேழா? முப்பத்திரண்டுக்கு ஒரு அடி குறைஞ்சாலும் நான் கோயம்புத்தூருக்கு வர்ல.”

கடைசியில் மேடம் விட்டுக்கொடுத்தார். நவம்பர் 30 அன்று முப்பத்திரண்டு. அதற்குப் பிறகு குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

போன் வைத்ததும் என்னிடம் கேட்டாள். “நான் சொன்னது சரிதானுங்களே?”

சரிதான் என்றேன். மேடம் பேசும்போது அவருக்கும் தலையாட்டினேன். போனில் தெரியாது என்பது பிறகுதான் நினைவு வந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. ஓடவில்லை. வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடக்கிறாள். நான் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து எழுதுகிறேன். இடைஞ்சல் செய்யக் கூடாது.

நவம்பர் 18, செவ்வாய்

இன்று கேழ்வரகுக் களி. நேற்றும் களி. களியில்தான் பலம் இருக்கிறது என்று எங்கோ கேட்டு வந்திருக்கிறாள். ஓடுவது அவள், களி இருவருக்கும்.

நவம்பர் 30, ஞாயிறு

முப்பத்திரண்டு ஓடிவிட்டாள்!

காலையில் கிளம்பும்போது என் சைக்கிள் முன் டயர் வெடித்துக் கிடந்தது. ஐந்து மணிக்கு யார் ஒட்டித் தருவார்கள்? துளசிமணி இடுப்பில் கை வைத்து நின்றாள். எதிர் வீட்டு பிருந்தா காலேஜ் படிக்கிற பெண். வாசல் தெளிக்க வந்தவள் பார்த்துவிட்டு, “என் சைக்கிள எடுத்துட்டுப் போங்க தாத்தா” என்றாள். அவள் பள்ளிக்கூடம் போன காலத்துச் சைக்கிள். நீல நிறம், முன்னால் கூடை. என் தகட்டைக் கழற்றி அதில் கட்டிக்கொண்டேன். உட்கார்ந்தால் முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கிறது.

“கரடி சைக்கிள் ஓட்டற மாதிரி இருக்குது” என்றாள் துளசிமணி.

வழக்கமான மேற்குக் கரை மழையில் சேறாகிவிட்டது. அதனால் கிழக்கே போனோம். புது வழி. கொக்குகள் நிறைய. பிருந்தாவின் சைக்கிள் நல்ல சுறுசுறுப்பு. டக், டக் என்று என் சைக்கிளைவிட வேகமாக அடித்தது. துளசிமணி இன்று பிரமாதமாக ஓடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பதினாறு கொட்டை மாறியதும் திரும்பச் சொன்னேன். “அதுக்குள்ளயா?” என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

முப்பத்திரண்டு கொட்டை. மூன்று மணி முப்பத்தோரு நிமிஷம்.

ஸ்டெல்லா மேடத்துக்குப் போன் செய்து சொன்னோம். “நாலு வாரத்துல இவ்வளவு வேகமா?” என்றார். “களிங்க மேடம்” என்றாள் துளசிமணி. கோயம்புத்தூரில் ஐந்து மணி நேரத்துக்குள் முடிக்கலாம், கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள் என்று மேடம் புதுக் கணக்குக் கொடுத்தார்.

மத்தியானம் ரேஷன் கடை வரிசை முழுக்க முப்பத்திரண்டு தெரிந்துவிட்டது.

டிசம்பர் 1, திங்கள்

டயர் மாற்றினேன். பிருந்தாவின் சைக்கிளைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன். கை ஓடவில்லை.

எழுதத் தெரியாத காலத்தில் ஒரு ரகசியம் இருந்தால் அது வயிற்றில் கிடக்கும். இப்போது விரல் அரிக்கிறது. எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை இனி கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் வைக்கப் போகிறேன்.

நேற்று இரண்டு சைக்கிளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். என் சக்கரம் பெரியது. பிருந்தாவின் சக்கரம் சின்னது. என் சக்கரத்தின் தோளுக்குத்தான் அது வருகிறது. சின்னச் சக்கரம் ஒரு சுற்றில் குறைவான தூரம்தான் போகும். இது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். நான் அதே நானூற்று நாற்பத்தெட்டை எண்ணிவிட்டேன்.

நூல் வைத்து இரண்டையும் அளந்தேன். மூன்று தடவை அளந்தேன். துளசிமணி ஓடியது முப்பத்திரண்டு இல்லை. இருபத்தேழே கால். நாலே முக்கால் கிலோமீட்டர் குறைவு.

முப்பத்தோரு வருஷத்தில் ஒரு சங்கிலிகூட நான் தவறவிட்டதில்லை.

“சைக்கிளையே பாத்துட்டு நிக்கறீங்களே தாத்தா, பஞ்சர் ஆயிருச்சா?” என்றாள் பிருந்தா.

இல்லை அம்மிணி, சக்கரம் நன்றாக இருக்கிறது என்றேன்.

டிசம்பர் 4, வியாழன்

சொல்லவில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை அவள் அதில் களியை வைத்துவிட்டாள்.

சொன்னால் என்ன ஆகும்? இனி நான் அளக்க வேண்டாம் என்பாள். குரூப்புப் பசங்களோடு ஈரோட்டில் ஓடப் போவாள். போகட்டும். எனக்கென்ன? காலையில் நன்றாகத் தூங்கலாம்.

அவள் வேலையில் இருந்தவரை காலையில் அவள் மையத்துக்குப் போவாள், நான் அளக்கப் போவேன். முப்பது வருஷம் எதிரெதிர்த் திசை. சேர்ந்து ஒரே திசையில் போவது இந்த ஒரு வருஷமாகத்தான். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. சக்கரத்தைப் பற்றி அல்லவா எழுதிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

பதினாறு கிலோமீட்டர், என் சைக்கிளில். கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம் என்ற புது வேகத்தில் ஓட முயன்றாள். பத்தாவது கொட்டையிலேயே மூச்சு வாங்கியது.

“காத்து எதிர்ல அடிக்குதுங்க” என்றாள். காற்றே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நோட்டைக் கேட்டாள். வகுப்பு டீச்சர் வாங்கி வைத்திருக்கிறார் என்றேன்.

“அப்பறம் விரல்ல என்னங்க மை?”

“பழைய மை.”

டிசம்பர் 8, திங்கள்

தபால் ஆபீஸ் பக்கம் போய் நின்று ஸ்டெல்லா மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். சின்னச் சக்கரம் என்று சொன்னதும் மேடம் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை.

“ஐயா, நான் கேட்டதே மூன்றரை மணி நேரம்தான். இருபத்தேழு வரும்னு சொன்னேன். எனக்கு வேணுங்கறத நீங்க அப்படியே அளந்து கொடுத்துட்டீங்க!”

நானும் சிரித்தேன். அப்போது மேடம் நிறுத்திவிட்டார்.

“ஆனா அம்மாவோட வேகம் தப்பாப் போச்சு. ஏழு நிமிஷத்துல ஆரம்பிச்சா முப்பதாவது கிலோமீட்டர்ல உக்காந்துருவாங்க. எட்டு நிமிஷத்துல போகணும். அப்பத்தான் ஆறு மணி நேரத்துக்குள்ள முடிப்பாங்க. கட்டாயம் சொல்லியாகணும்.”

“இன்னைக்கே சொல்லிப்போடறனுங்க.”

“ஐயோ, இன்னைக்குச் சொல்லாதீங்க! குறைஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா வர்ற ஞாயிறே மறுபடி முப்பத்திரண்டுக்குப் போயிருவாங்க. போட்டிக்குக் கால் மிஞ்சாது. இருபதாம் தேதி, சனிக்கிழமை சொல்லுங்க. அன்னைக்கு அவங்களால ஓடவும் முடியாது. வேகத்த மாத்த நேரமும் இருக்கும்.”

நீங்களே சொல்லிவிடுங்களேன் என்று கேட்டேன்.

“அளந்தது நான் இல்லீங்களே ஐயா.”

இன்னும் பன்னிரண்டு நாள்.

டிசம்பர் 11, வியாழன்

துளசிமணி இப்போது ஊருக்கே யோசனை சொல்கிறாள். இன்று தையல் கடையில் ஒரு பெண்ணிடம், “முப்பத்திரண்டு ஓடிப்போட்டா அப்பறம் மிச்சம் பத்துதான், அது பால் வாங்கிட்டு வர்ற தூரம்” என்றாள். என்னைப் பார்த்து, “இல்லீங்களா?” என்றாள்.

நான் தையல் மிஷினைப் பாராட்டினேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

பத்து கிலோமீட்டர் மட்டும். வேகம் வேண்டாம், மேடம் சொன்னார் என்றேன். சிலிண்டர் மாற்ற ஆள் வந்தபோது நோட்டை எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டேன். இந்தப் பக்கத்தில் கொஞ்சம் தவிடு இருக்கும்.

டிசம்பர் 17, புதன்

நேரே பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. நாற்பது வருஷத்தில் ‘தப்பு என்னுடையது’ என்று அவளிடம் சொல்லிப் பழக்கம் இல்லை. தப்பே செய்யவில்லை என்று அர்த்தம் இல்லை.

ஆனால் எழுதியிருக்கிறேன். எல்லாம் இங்கேயே இருக்கிறது.

டிசம்பர் 20, சனி

கோயம்புத்தூரில் மகள் நித்யகலா வீட்டிலிருந்து எழுதுகிறேன். துளசிமணி உள்ளே படுத்திருக்கிறாள். பேச்சு இல்லை.

பஸ் அவினாசி தாண்டியதும் நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். நவம்பர் 30 வந்த பக்கத்தை மடித்து வைத்திருந்தேன். “படி புள்ள” என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடைகளின் பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டே வந்தேன். பதினான்கு பலகை. முன்பெல்லாம் இந்த ரோட்டில் வெறும் படம்தான் தெரியும். இன்று சந்தோஷப்பட முடியவில்லை.

ஒரு பக்கம் திருப்புகிற சத்தம். இன்னொரு பக்கம். திரும்பி முதல் பக்கம்.

“எத்தனைங்க?” என்றாள். படித்திருக்கிறாள், இருந்தும் கேட்டாள்.

“இருபத்தேழே கால்.”

அவள் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. “முப்பத்தோரு வருஷம் சர்க்கார் நெலத்த அளந்தீங்களே! எத்தன பேரு தோட்டம் குறைஞ்சு கெடக்குதோ!”

முன் சீட்டுக்காரர் திரும்பினார். “ஏனுங்க, நீங்க நம்பியூர்ப் பக்கம் அளந்திருக்கீங்களா? எங்க தோட்டத்துல கொஞ்சம் இடிக்குதுங்க.”

அங்கே நான் அளக்கவில்லை என்றேன். அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை.

“ஊரு முழுக்கச் சொன்னனே” என்றாள் துளசிமணி. “ரேஷன் கடைல சொன்னேன். தையல் கடைல சொன்னேன். நீங்க பக்கத்துல நின்னுட்டு மிஷினப் பாத்தீங்க.”

“மேடம்தான் இன்னைக்கு வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு...”

“மேடம் எட்டாம் தேதி சொன்னாங்க. உங்களுக்கு ஒண்ணாம் தேதியே தெரியும். இங்க எழுதியிருக்குதே.”

எழுதியதில் இது ஒரு தொந்தரவு. தேதி போட்டிருக்கிறது.

பிறகு அவள் கத்தவில்லை. சன்னமாகப் பேசினாள். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. “பத்துதான் தெரியாத தூரம்னு நெனச்சிருந்தேன். இப்பப் பதினஞ்சு. என்னால ஆகுமாங்க? திரும்பிப் போயிரலாமா?”

மேடத்துக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். மேடம் நிறையப் பேசினார். துளசிமணி “ம்” மட்டும் சொன்னாள். கடைசியில், “எட்டு நிமிஷமுங்களா? சரிங்க” என்றாள்.

நோட்டை என்னிடம் கொடுத்தாள். கையெழுத்துப் போடவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

சைக்கிளுக்கு அனுமதி இல்லை. நின்று பார்க்கலாம். எங்கே நிற்பது என்று யோசித்தேன். ‘28’ என்று எழுதிய பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அதுவரை அவளுக்குத் தெரிந்த தூரம். அதற்கு மேல் அவளும் போனதில்லை, நானும் அளந்ததில்லை.

மூன்று மணி நாற்பத்து மூன்று நிமிஷத்தில் வந்தாள். எட்டு நிமிஷக் கணக்கு அப்படியே இருந்தது. முகம் சிவந்திருந்தது. பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நேற்றிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு:

“இதுக்கு மேல ஊரு தெரியாதுங்க.”

“நல்லாத்தான் இருக்கும், போ புள்ள.”

போய்விட்டாள்.

அங்கிருந்து ஆட்டோ பிடித்து முடிவிடத்துக்குப் போனேன். ஓட்டம் ஆரம்பித்ததிலிருந்து எவ்வளவு நேரம் என்று காட்டுகிற பெரிய கடிகாரம் ஒன்று வைத்திருந்தார்கள். ஐந்து மணி. ஐந்தே கால். ஐந்தரை. பசங்கள் எல்லாம் பதக்கத்தைக் கடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து முப்பத்தைந்து. ஒரு ஆள் நொண்டிக்கொண்டு வந்தான், துளசிமணி இல்லை. ஐந்து நாற்பது. நித்யகலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்தான் அவள் கையைப் பிடித்திருந்தேன் என்று அவள் சொல்கிறாள்.

ஐந்து நாற்பத்து மூன்றுக்கு வளைவில் தலை தெரிந்தது. ஓட்டம் என்று சொல்ல முடியாது. நடை என்று சொன்னால் என்னை உதைப்பாள். கன்னத்தில் உப்புப் பூத்திருந்தது. கோட்டைத் தாண்டியும் நிற்கத் தெரியாமல் பத்தடி போனாள்.

ஐந்து மணி நாற்பத்து நான்கு நிமிஷம். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், அதற்கு மேல் இருந்த கொஞ்சமும். இதை நான் அளக்கவில்லை. அவர்கள் அளந்தது. சரியாக இருக்கும்.

என்னைப் பார்த்து, “தண்ணி” என்றாள். கொடுத்தேன்.

டிசம்பர் 22, திங்கள்

நித்யகலாவின் வீடு இரண்டாவது மாடி. கீழே வெயிலில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்று துளசிமணி கிளம்பினாள். முதல் படியில் காலை வைத்தாள், “அம்மா” என்றாள், காலை எடுத்துக்கொண்டாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடியவளுக்குப் படி இறங்க முடியவில்லை. முன்பக்கமாக இறங்கினால் தொடை பிடித்துக்கொள்கிறது. பின்பக்கமாகத் திரும்பி இறங்கினால் வருகிறது.

அப்படியே இறங்கினாள். அவள் கீழே, நான் ஒரு படி மேலே, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு. அவள் பின்பக்கமாகப் போகிறாள், நான் முன்பக்கமாகப் போகிறேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க வழியே இல்லை.

“சிரிச்சீங்கன்னா கைய விட்டுப்போடுவேன்” என்றாள்.

நான் சிரிக்கவில்லை. அவள்தான் முதலில் சிரித்தாள். சிரித்தால் வயிறும் வலிக்கிறதாம். அதற்கும் என்னைத்தான் திட்டினாள்.

பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“மேடம் ரெண்டு வாரம் ஓடக் கூடாதுன்னுட்டாங்க. நடக்கலாமாம். ஊருக்குப் போனதும் வாய்க்கால் கரைப் பக்கம் போலாமுங்க, காலைல. நீங்களும் வாங்க. நடந்தே வாங்க.”

“எவ்வளவு தூரம்?” என்று கேட்டேன். பழக்கம்.

“அளக்காம வாங்க” என்றாள். “கால் வலிச்சா திரும்பிக்கலாம்.”

சரி என்றேன்.

இன்னும் கொஞ்சம் படிகள் இருந்தன. அவள் ஒவ்வொரு படியாகக் காலால் தேடித் தேடி இறங்கினாள், நான் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். மொத்தம் முப்பத்தாறு படி. நான் எண்ணவில்லை. கால் தானாக எண்ணிக்கொண்டது.